கழுவாமல் தின்னலாம்

குட்டி தீப்பெட்டியைத் திறந்து அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். உள்ளே கொஞ்சம் பஞ்சு விரித்து, அதன் மேல் தேனீக்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் கால்கள் வயிற்றோடு மடங்கியிருந்தன. ஒன்றின் முதுகில் மட்டும் பூவிலிருந்து எடுத்த மஞ்சள் தூள் இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது.

"தூங்குதும்மா. சத்தம் போடாதே."

"எங்கேடி பொறுக்கினே?"

"கிணத்தோரம். அங்கே நிறைய தூங்குது. இதுல இடம் பத்தலை, இன்னொரு தீப்பெட்டி தர்றியா?"

அம்மா தன் கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோப்பைப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண் என்று தேய்த்தாள். தண்ணீர் ஊற்றி மறுபடியும் தேய்த்தாள். குட்டியின் உள்ளங்கை சிவந்து போயிற்று.

"விடும்மா, எரியுது! நம்ம வயல்ல எதைத் தொட்டாலும் கை கழுவ வேணாம்னு அப்பா சொல்லியிருக்காரு."

சொல்லியிருக்கிறார்தான். அவள் கணவன் மூச்சு விடுவது போல இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் பேச்சு அது. இயற்கை முறையில் பயிர் செய்கிறவர்களின் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, வயலுக்கு யார் வந்தாலும் சரி, மின்கம்பத்தை எண்ண வருகிறவர் வந்தாலும் சரி, கொடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயைத் திருகிப் பறிப்பான். மேலே இருக்கும் சின்னச் சுணையைக்கூடச் சட்டையில் துடைக்க மாட்டான். அப்படியே நறுக்கென்று கடித்து, வாய் நிறைய மென்றுகொண்டே சொல்லுவான்: "கழுவாமத் திங்கலாங்க. எங்க வயல்ல எதையும் கழுவாமத் திங்கலாம்." டீக்கடையில் அவனுக்குக் கழுவாதவன் என்றே பெயர் விழுந்துவிட்டது. "காயை மட்டுந்தான் கழுவ மாட்டியா, இல்லை மத்ததும் அப்படித்தானா?" என்று ஒருவர் கேட்டால் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாக அவன்தான் சிரிப்பான். அவளுக்கு முதலில் மானம் போகிற மாதிரி இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "உங்க கழுவாதவர் சாப்பிட வந்துட்டாரா?" என்று பெண்கள் கேட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். போகப்போகப் பழகிவிட்டது. அதற்கப்புறம் அதில் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

குழுவில் இன்னொரு விளையாட்டும் இருந்தது. குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் கூட்டத்திலேயே அந்த மேடம் ஒரு பேச்சுப் பேசினாள். "பூச்சிக்கு அடிக்கிறதை மருந்துன்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க. அது விஷம். விஷத்தை மருந்து மருந்துன்னு சொல்லிச் சொல்லித்தான் நம்ம கை கூசாமப் போச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு கேட்குமா? அடுத்த வாக்கியத்திலேயே குழுத் தலைவர் எழுந்து, "சரிங்க மேடம், இனிமே நாங்க மருந்தே அடிக்க மாட்டோம்" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு அங்கேயே சட்டம் போட்டார்கள். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் நின்ற இடத்தில் சேவல் மாதிரி கூவ வேண்டும். மீசை நரைத்த ஆட்களெல்லாம் கழுத்தை நீட்டிக் கூவினார்கள். விளையாட்டு வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. காய்ச்சலுக்குக் குடிப்பது சிரப்பு, புண்ணுக்குப் போடுவது களிம்பு. வாய் தவறினால் பிடிக்கிற போலீஸ் குட்டிதான்.

இந்தப் பருவத்தில் வண்டு வந்தது. பக்கத்து வயலில் பூசணி போட்டிருந்தார்கள். அங்கே பெருகிய சிவப்பு வண்டு, அவர்கள் தெளிக்கத் தெளிக்க வரப்பைத் தாண்டி இங்கே குடியேறியது. "விருந்தாளி அனுப்பியிருக்கேன், நல்லா கவனிச்சுக்கோ" என்று பக்கத்து வயல்காரர் கிண்டல் வேறு. அவள் கணவன் விடியும்போதே போய்விடுவான். குளிரில் வண்டுகள் அசையாமல் இருக்கும் நேரம் அது. இலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டி விழ வைப்பான். சாம்பல் தூவினான். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தான். மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிட்டான். மற்ற வரிசைகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. பூசணிக்கு நேரெதிரே இருந்த கிணற்றோர வரிசை மட்டும் சல்லடையாகிவிட்டது. இலையின் நரம்புதான் மிச்சம்.

குழுவில் யாருடைய வயலைக் காட்டுவது என்று வந்தபோது அவனுடையதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாதக் கடைசியில் வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற ஊர்களில் இதே முறையைத் தொடங்குவதா, இல்லை இங்கேயே மூட்டை கட்டுவதா என்று முடிவெடுப்பார்களாம். குழுவின் விதி ஒன்றுதான். ஒருவர் விஷம் தொட்டாலும் அத்தனை பேரையும் தள்ளிவிடுவார்கள். அவனுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. வண்டு நசுக்கிய விரல்களில் ஆரஞ்சுக் கறை ஏறி, தேய்த்தாலும் போகவில்லை. ஒருநாள் அவள் கஞ்சித் தூக்கோடு போனபோது, அவன் அந்த வரிசைக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓட்டை இலையைத் தடவிக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா" என்று செடியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை. அவள் திரும்பி நடந்து, தூரத்திலிருந்து செருப்பை உரசிச் சத்தம் காட்டிக்கொண்டு மறுபடி வந்தாள்.

அதற்கு அடுத்த நாள் குட்டிக்கு இருமல் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, "டவுனுக்குப் போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேங்க" என்றாள்.

"அம்மா சொல்லிட்டா! அம்மா கூவணும்!" என்று குட்டி குதித்தாள்.

அவள் வாசலில் நின்று கூவினாள். வண்டுக் கிண்ணத்தோடு வந்த அவள் கணவன், பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான். அவள் பொய் சொல்லவில்லை. பையில் இரண்டு மருந்து வாங்கி வந்தாள். ஒன்று இருமலுக்கு.

தெரிந்த கடையைத் தாண்டி, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த உரக்கடையில்தான் வாங்கினாள். கடைக்காரர் புட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "கொடியில காய் இருக்கா?" என்று கேட்டார். "இருந்தா ரெண்டு வாரத்துக்குக் கை வைக்காதீங்க. இது மேலாகப் படிஞ்சு நிக்கிற சரக்கு இல்லைம்மா. உள்ளே ஏறிடும். கழுவினாலும் போகாது." கழுவினாலும் போகாது என்பதை அவள் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு வாரம்தானே. பார்க்க வருகிறவர்கள் வருவது மாதக் கடைசியில். அதற்குள் வாசனைகூட இருக்காது.

அவள் கணவன் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கரைசல் தெளிக்கிற அதே தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரிசைக்கு மட்டும் அடித்தாள். ஒரு தொட்டித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வண்டு இருந்த இருப்பைப் பார்த்து இரண்டு ஊற்றினாள். வண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தொட்டியைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கிணற்றோரம் பூச்செடிகளின் காலில் கவிழ்த்தாள். பிறகு பழைய புடவையைக் கிழித்து, வரிசையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணியாகக் கட்டினாள். விதைக்கு விட்ட செடியை யாரும் பறிக்காமல் இருக்க இப்படிக் கட்டுவது வழக்கம்.

"விதைக்கா? அந்த வத்தல் வரிசையையா?" என்று அவள் கணவன் கேட்டான்.

"பூச்சி தின்னும் சாகாம நிக்குதில்ல. அந்தச் செடியோட விதைதானே கெட்டி?"

அந்த நிமிஷத்தில் வாயில் வந்த பொய் அது. ஆனால் அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அடியேய்! நீ மேடத்துக்கே பாடம் எடுப்பே போலிருக்கே!" என்றான். சில நாளில் வரிசை துளிர் விட்டது. வண்டு ஒன்றுகூட இல்லை. இலை கரும்பச்சையாக, காய் ஒரே சீராக, மற்ற வரிசைகள் அதன் பக்கத்தில் நிற்க வெட்கப்படுகிற மாதிரி எழுந்துவிட்டது. அவன் அந்த வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். செடி தானாகவே வண்டை எதிர்த்து ஜெயித்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னான், தலைவரிடம் சொன்னான், மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னான். இன்னும் கொஞ்ச நாள்தான், இரண்டு வாரம் முடிந்துவிடும் என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள்.

குட்டியின் கையைத் துடைத்துவிட்டு, தீப்பெட்டியை மாடத்தில் வைத்து, அதை எங்கே எறிவது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கணவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான்.

"ஏய், கேட்டியா! மேடம் போன் பண்ணாங்க. நாளைக்கே வர்றாங்களாம்!"

"யாரு?"

"பார்க்க வர்றவங்கதான். பக்கத்து ஊர் வரைக்கும் வந்திருக்காங்களாம். நம்ம கிணத்தோர வரிசையைப் பத்தி மேடம் சொல்லியிருக்காங்க. அதை முதல்ல பார்க்கணும்னு நிக்கிறாங்களாம். மாசக் கடைசி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு ஒரே பிடிவாதம்!"

அவள் மனதுக்குள் நாட்களைக் கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் இரண்டு வாரம் முடியவில்லை.

"என்னங்க, அந்த வரிசையில மட்டும் காய் பறிக்க வேணாமே. விதைக்கு விட்டது. பறிச்சா நல்லதில்லை."

"எல்லாத்தையுமா பறிக்கப் போறேன்? ஒண்ணே ஒண்ணு. நான் கடிக்கலைன்னா அப்புறம் என்னை யாரு கழுவாதவன்னு சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு, குட்டியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஆடினான். தோளில் இருந்தபடியே குட்டி எட்டி மாடத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து மடியில் செருகிக்கொண்டதை அவள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, "ம்?" என்று கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. "சட்டை… நாளைக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கோங்க" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் பெரிய கூடையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். அந்த வரிசைக் காய் அத்தனையையும் பறித்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்பது அவள் எண்ணம். திருட்டென்றால் அவன் அழுவான், கத்துவான், அவ்வளவுதானே. ஆனால் வரப்பில் ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. குழுத் தலைவரும் இன்னும் சிலரும் அவளுக்கு முன்னாலேயே வந்து, நடைபாதையில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"வா தங்கச்சி, கூடையோட எங்கே கிளம்பிட்டே?" என்றார் தலைவர். "கிணத்தோரம் போயிடாதே. ஒவ்வொரு காயையும் நான் பேர் வச்சுக் கூப்பிடற அளவுக்குப் பழகியிருக்கேன். ஒண்ணு குறைஞ்சாலும் உன்னைத்தான் பிடிப்பேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வெறும் கூடையில் நான்கு சருகைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். குட்டியைப் பக்கத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்து, வெளியே விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்லிவிட்டு வந்தாள்.

வேன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தொப்பி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள், தங்கள் ஊரில் இதே வெள்ளரியைப் போட்டு நொந்துபோன விவசாயிகள் என்று பலவிதமான ஆட்கள் இறங்கினார்கள். மேடம் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். நீலச் சட்டையில் அவள் கணவன் மண் காயாமல் பரப்பிய வைக்கோல் மூடாக்கைக் காட்டினான், சொட்டுநீர்க் குழாயைக் காட்டினான், மஞ்சள் அட்டையில் ஒட்டியிருந்த பூச்சிகளைக் காட்டினான். அவள் தண்ணீர்ச் சொம்புகள் வைத்த தட்டோடு பின்னால் நடந்தாள். சொம்புகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம் வந்தது.

எந்த வரிசையில் நின்றாலும் பூவில் தேனீக்களின் இரைச்சல் இருந்தது. பேசுகிறவர் குரலைச் சற்று உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. கிணற்றோரம் வந்ததும் எல்லாருடைய குரலும் தானாகவே தாழ்ந்தது. கொடி நிறையப் பூ இருந்தது. ஒன்றிலும் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

வெளியூர் விவசாயி ஒருவர் காதை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "இங்கே தேனீ சத்தமே இல்லையே, ஏங்க?"

அவள் கணவன் ஒரு நொடி நின்றான். பூக்களைப் பார்த்தான். கிணற்றடியில் தலை தொங்கிக் கிடந்த பூச்செடிகளைப் பார்த்தான். நெற்றியில் ஒரு கோடு விழுந்து மறைந்தது.

"வெயில் ஏறிடுச்சுங்க. நிழலுக்குப் போயிருக்கும்" என்றான். பிறகு சிவப்புத் துணியைத் தொட்டுக் காட்டி, "இதை விதைக்கு விடலாம்னு சொன்னதே என் வீட்டுக்காரிதாங்க. இந்தப் பெருமையெல்லாம் அவளுக்குத்தான்" என்றான். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவன் குனிந்து, இலையை விலக்கி, இருப்பதிலேயே நீளமான காயைத் திருகினான்.

"என்னங்க."

அவன் நிமிர்ந்தான்.

"அதுல… அதுல மருந்து" என்றாள்.

அடுத்த கணம் தலைவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "மாட்டிக்கிட்டா! தங்கச்சி மாட்டிக்கிட்டா!" என்று கூத்தாடினார். "இத்தனை பேர் முன்னால வசமா மாட்டிக்கிட்டா! கூவு, கூவு!"

"இல்லைங்கண்ணா, நிஜமாவே மருந்து…"

"ரெண்டாவது தடவை! ரெண்டு கூவல்!"

குழு ஆட்கள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்கு விளையாட்டை விளக்கினாள். "இந்த வார்த்தையையே நாங்க ஊரை விட்டு விரட்டிட்டோம். பாருங்க, வீட்டுப் பெண்கள்கூட வாய் தவறினா வெட்கப்படறாங்க." தொப்பிக்காரர்கள் போனை உயர்த்தினார்கள். குடை பிடித்திருந்த பெண்ணும் சேர்ந்து, "கூவுங்க, கூவுங்க" என்றாள். விஷம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் வாய் எடுக்க மறுத்தது. அவள் கையால் தெளித்தபோது அது மருந்தாகத்தானே இருந்தது.

அவனும் சிரித்தான். சிரித்த வாயோடு நறுக்கென்று கடித்தான். "கழுவாமத்…" என்று தொடங்கியவன், அவள் இன்னும் கூவாமல் நிற்பதைப் பார்த்தான். தட்டு சாய்ந்து சொம்புத் தண்ணீர் அவள் காலில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவன் தாடை நின்றது. கன்னம் ஒரு பக்கம் உப்பி அப்படியே இருந்தது.

துப்பினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தலைவர், மேடம், குழுவிலுள்ள அத்தனை வீடுகள். அவன் கண் ஒவ்வொருவர் முகமாகப் போய்விட்டு அவளிடம் திரும்பி வந்தது. அவள் தலையை வேண்டாம், வேண்டாம் என்று அசைத்தாள். அவன் குரல்வளை மெல்ல மேலேறி, கீழே இறங்கியது.

"அப்பா, எனக்கு! எனக்கு!"

பக்கத்து வீட்டிலிருந்து எப்படியோ நழுவி வந்த குட்டி, ஆட்களின் கால்களுக்கிடையே புகுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். வழக்கமாக அவன் கடித்த மிச்சம் அவளுக்குத்தான். அவன் கை சட்டென்று மேலே போயிற்று. கடித்த காயைத் தலைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். விளையாட்டு என்று நினைத்துக் குட்டி குதித்தாள். "குடுங்கப்பா!" அவன் இன்னும் உயர்த்தினான். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தான். குட்டி கிக்கிக்கென்று சிரித்துக்கொண்டு எகிறி எகிறிக் குதித்தாள். வந்தவர்கள் படம் பிடித்தார்கள். குடை பிடித்திருந்த பெண் அந்தப் பக்கம் குனிந்து, தனக்கும் ஒன்று பறிக்க இலைகளை விலக்கினாள்.

குதித்த வேகத்தில் குட்டி இன்றும் மடியில் செருகி வந்திருந்த தீப்பெட்டி நழுவி விழுந்து திறந்துகொண்டது. பஞ்சு ஒரு பக்கம் போக, தேனீக்கள் வைக்கோலின் மேல் அவன் காலடியில் சிதறின. அதை வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. கடித்த இடத்திலிருந்து தண்ணீர் சொட்டி, முழங்கை வழியாக நீலச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.